காலிக் கட்டத்தில் சராசரியைப் போடலாமா?

செப்டம்பர் 4

தொண்டியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "விசைப்படகு ஜெட்டியில் தடைக்காலம் முடிந்த பிறகு 26 கடல் நாட்களுக்கு 12 படகுகளின் பாட்டை, அதாவது பிடிபட்ட மீனின் எடையை, எடுத்திருக்கிறேன். 312 வரிகள். எடை எழுத வேண்டிய கட்டத்தில் 57 காலி. மொத்தச் சராசரியை அந்த 57-லும் போட்டுவிட்டு மேலே போ என்கிறார்கள். போடலாமா அண்ணா?"

போடாதீர்கள். ஏன் என்று சிறிய கணக்கில் காட்டுகிறேன். ஒரு நண்டு வலைக்காரர் எட்டு நாள் கடலுக்குப் போனார் என்று வையுங்கள். ஐந்து நாள் எடை இருக்கிறது: 42, 38, 55, 47, 33 கிலோ. மூன்று நாள் காலி. ஐந்தின் சராசரி 43, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சுமார் 8.5. மூன்று காலியிலும் 43 போட்டால் சராசரி அதே 43. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் திட்ட விலக்கம் 6.4 ஆகச் சுருங்கிவிடுகிறது. சராசரியின் திட்டப் பிழை (அந்தச் சராசரி எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற அளவு) 3.8-லிருந்து 2.3-க்கு இறங்குகிறது. அந்த மூன்று நாளைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் கணக்கு முன்பைவிட உறுதியாகப் பேசுகிறது. கெடுதல் அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் 4, இரவு

சொல்ல விட்டது. காலியைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டால் மேலே உள்ள சராசரி 43-லிருந்து 27-க்குப் போய்விடும். எக்செலில் சராசரி வாய்பாடு காலிக் கட்டத்தைத் தாண்டிப் போகும். அதே கட்டத்தில் 0 இருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். "அழகாக இருக்கட்டும்" என்று யாரோ காலியை எல்லாம் 0 ஆக்கிய கோப்பு ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. எது வெறும் கையோடு திரும்பிய படகு, எது எழுதாமல் விட்ட படகு என்று பிரிக்க வழியே இல்லாமல் போயிற்று. மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள் தங்கச்சி.

செப்டம்பர் 6

"அப்படியானால் காலி வரிகளை நீக்கிவிடலாமே" என்று தேவிபட்டினத்து வாசகர் ஒருவர். நீக்கலாமா கூடாதா என்பது காலி ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது. டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976-இல் இதைத்தான் ஒழுங்குபடுத்தினார். மூன்று வகை. நம் ஜெட்டியிலேயே மூன்றும் கிடைக்கின்றன.

நோட்டின் ஒரு பக்கத்தில் ஐஸ் தண்ணீர் கொட்டி எழுத்து அழிந்துபோயிற்று. அந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு எவ்வளவு பிடித்தது என்று தெரியாது. இது முழுத் தற்செயல். வரியை நீக்கினால் வரி எண்ணிக்கை குறையும், முடிவு கோணாது.

இரண்டாவது: பதிவு செய்பவர் சனிக்கிழமைகளில் அடிக்கடி வரமாட்டார். சனிக்கிழமைப் பாடு மற்ற நாட்களைப் போல இல்லாமல் இருக்கலாம். ஆனால் கிழமை நம் நோட்டில் இருக்கிறது. கிழமையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் அந்தக் கோணலை நிமிர்த்திவிடலாம்.

மூன்றாவதுதான் பொல்லாதது. எடை அதிகம் என்பதாலேயே, அல்லது குறைவு என்பதாலேயே எடை எழுதப்படாமல் போவது. காலிக்குக் காரணம் அந்தக் காலிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. நோட்டை மட்டும் எத்தனை முறை புரட்டினாலும் இது மூன்றாவது வகையா இரண்டாவது வகையா என்று தெரியாது. ஜெட்டிக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 7

ஏர்வாடிக்காரர் ஒருவர், "முந்தின நாள் எடையை அப்படியே இழுத்துப் போட்டால் என்ன?" என்கிறார். கச்சான் காற்று ஓங்கி வீசிய நாளின் பாட்டை, காற்று அடங்கிய நாளுக்குப் போடுவீர்களா? நம் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மீதி நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகின் "முந்தின நாள்" என்பது இரண்டு மூன்று நாள் பழையது. உடல் எடை, நிலத்தடி நீர்மட்டம் போல மெல்ல நகர்கிற அளவுக்கு அது ஓரளவு பொருந்தும். மீனுக்குப் பொருந்தாது.

செப்டம்பர் 8

இது கணினி வந்த பிறகு முளைத்த சிக்கல் இல்லையா என்று கேள்வி. இல்லை. வயலில் நடக்கும் பயிர்ச் சோதனைகளில் ஒரு பாத்தியை மாடு மேய்ந்துவிட்டால் கணக்கை எப்படி முடிப்பது என்று 1930-களிலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஃபிராங்க் யேட்ஸ் 1933-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். அவர் விடுபட்ட பாத்திக்கு ஒரு மதிப்பு போடச் சொன்னார். போட்ட கையோடு, பிழைக்கான சுதந்திரப் படிகளில் (பிழையை அளக்கக் கையில் மிஞ்சும் தனித் தகவல்களின் எண்ணிக்கையில்) ஒன்றைக் கழிக்கவும் சொன்னார். "இது நான் போட்டது, நிலம் தந்தது இல்லை" என்று கணக்குக்குள்ளேயே ஒப்புக்கொள்வது அது. சராசரியைப் போட்டுவிட்டு மேலே போகச் சொல்பவர்கள் அந்தக் கழித்தலை விட்டுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 11

மாணவி ஜெட்டிக்குப் போய்ப் பதிவு செய்பவரிடம் 57 காலியையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்திருக்கிறார். இந்த ஒரு வேலைக்காகவே அவரை மெச்ச வேண்டும். அவர் தந்த பட்டியல்:

காற்று எச்சரிக்கையால் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கொடுக்காத இரண்டு நாட்கள், 24 கட்டம். பதிவு செய்பவர் வீட்டில் விசேஷம், ஒரு நாள் முழுக்க, 12 கட்டம். தண்ணீர் பட்ட பக்கம், 5. "ஏலம் தாமதம்", 16.

முதலில் என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். 57-ஐயும் விடுபட்ட மதிப்பு என்று நான்காம் தேதியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், தவறு. டோக்கன் இல்லாத நாளில் படகு கடலுக்கே போகவில்லை. ஜெட்டியின் மொத்த இறக்கத்தைக் கணக்கிட்டால் அந்த 24-ம் உண்மையான சுழியம். ஒரு படகுக்கு ஒரு கடல் நாளில் எவ்வளவு என்று கேட்டால் அந்த 24 வரிகள் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. அவை கடல் நாளே இல்லை. கேள்வி மாறினால் அதே காலிக்கு விடையும் மாறுகிறது. ஆக 288 வரி, அதில் 33 காலி.

அந்த 16-தான் எனக்கு உறுத்துகிறது. அவை எந்தத் தேதிகள் தங்கச்சி?

செப்டம்பர் 12

பதில் வந்துவிட்டது. 16-இல் 11, தடை முடிந்த பிறகு வந்த முதல் மூன்று கடல் நாட்களில்.

எனக்கு இது புதிதல்ல. பல ஆண்டுகளுக்கு முன், படிப்பு முடிந்த கையோடு, ராமேஸ்வரம் தீவில் ஒரு ஜெட்டியில் நானே நோட்டும் பென்சிலுமாக நின்றிருக்கிறேன். மே 29 நள்ளிரவோடு தடை முடியும். அப்போது தடை 45 நாள். 2017-இலிருந்து 61 நாள், ஏப்ரல் 15 தொடங்கி. முதல் படகுகள் திரும்பும் காலையில் ஜெட்டி ஜெட்டியாக இருக்காது. கரை முழுக்கக் கூடை. ஐஸ் வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்று. வியாபாரிகள் இறாலைக் கையில் அள்ளி எண்ணிப் பார்த்துக்கொண்டே விலை சொல்வார்கள்.

அந்தக் காலையில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன். குறைந்த பாட்டோடு வந்த படகு அரை மணியில் இறக்கி, தரம் பிரித்து, எடை போட்டு, ஏலம் முடித்துவிடும். நிறையக் கொண்டுவந்த படகில் இறால் தனி, கணவாய் தனி, நண்டு தனி, காரல் தனி என்று பெண்கள் உட்கார்ந்து பிரிக்கவே மணிக்கணக்கில் ஆகும். எனக்கு ஒன்பது மணிக்கு மண்டபம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஒன்பது மணிக்குள் ஏலம் முடிந்த படகுகளை எழுதினேன். முடியாதவற்றுக்கு எதிரே ஒரு சிறு கோடு இழுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். கோடு விழுந்தது எல்லாம் பாடு நிறைந்த படகுகள்.

அறிக்கை எழுதும்போது கோடுகளில் மாதச் சராசரியைப் போடச் சொன்னார்கள், போட்டேன். தடை முடிந்த முதல் வாரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அந்த அறிக்கை சொல்லிற்று. அதை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது பின்வரிசையில் இருந்த வயதான சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர் எழுந்து, "தம்பி, அன்றைக்கு எங்கள் படகில் ஐஸ் போதாமல் பக்கத்துப் படகில் கடன் வாங்கினோம். உங்கள் காகிதத்தில் அது எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அது எங்கே போயிற்று என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. அந்தக் கோட்டில் போயிற்று.

செப்டம்பர் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பதிவு செய்பவர்தான் குற்றவாளியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. ஒருவரே 12 படகைப் பார்க்க முடியாது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இதற்காகத்தான் கூறெடுப்பை வைத்திருக்கிறது: எந்தத் தளம், எந்த நாள் என்று முன்கூட்டியே குலுக்கலில் தேர்வு செய்து, படகுகள் நிறைய வந்தால் அவற்றிலும் ஒரு பகுதியை விதிப்படி தேர்ந்து, தேர்வானதை மட்டும் முழுமையாக எழுதுவார்கள். தேர்வாகாத படகும் நோட்டில் காலிதான். ஆனால் அதைக் காலியாக விட்டது குலுக்கல்; படகின் பாடு இல்லை. நானும் அன்றைக்கு 12-இல் ஐந்து படகைச் சீட்டுப் போட்டு எடுத்து, அந்த ஐந்துக்காகப் பதினொரு மணி வரை நின்றிருந்தால், ஒன்பது மணி வரை கையில் கிடைத்ததை எல்லாம் எழுதியதைவிட நல்ல கணக்கு கிடைத்திருக்கும்.

செப்டம்பர் 15

பல்முறை நிரப்பல் பற்றிப் பலர் கேட்டாயிற்று. ரூபின் முன்வைத்த முறை. 1987-இல் நூலாகவும் எழுதினார். ஆர் மென்பொருளில் 'மைஸ்' என்ற தொகுப்பு இதைச் செய்கிறது. ஒவ்வொரு காலிக்கும் ஒரே மதிப்பைப் போடாமல், இருக்கும் தரவு அனுமதிக்கிற எல்லைக்குள் குலுக்கி ஐந்து முறை, இருபது முறை நிரப்பி, ஐந்து அல்லது இருபது முழு அட்டவணைகளைச் செய்துகொள்வது. ஒவ்வொன்றிலும் விடையைக் கணக்கிட்டு, கடைசியில் சேர்ப்பது.

மேலே உள்ள நண்டுக் கணக்கையே எடுப்போம். ஐந்து முறை நிரப்பியதில் சராசரிகள் 44, 41, 46, 42, 42 என்று வந்தால் விடை 43. ஒவ்வோர் அட்டவணைக்குள்ளும் சராசரியின் மாறுபாடு (திட்டப் பிழையின் வர்க்கம்) 9 என்று வையுங்கள். அட்டவணைகளுக்கு இடையிலான மாறுபாடு 4. மொத்தம் 9 + (1 + 1/5) × 4 = 13.8. அதன் வர்க்கமூலம் 3.7. முதல் நாள் எழுதியதைப் பாருங்கள்: காலியைத் தொடாமல் ஐந்து நாளை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது திட்டப் பிழை 3.8. ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம். நிற்கத்தான் வேண்டும். வேறு தகவல் எதுவும் இல்லாமல் குலுக்கினால் புதிய அறிவு எங்கிருந்து வரும்?

பயன் கிடைப்பது அட்டவணையில் வேறு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்போது. எத்தனை லிட்டர் டீசல் போட்டார்கள், எத்தனை பாளம் ஐஸ் ஏற்றினார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள். பாட்டோடு கைகோத்து நடக்கிற எந்தப் பத்தியும் காலிக்குள் என்ன இருந்திருக்கும் என்று கொஞ்சம் சொல்லும். மாணவியிடம் கரைக்குத் திரும்பிய நேரம் இருக்கிறது, டீசல் இருக்கிறது. தண்ணீர் பட்ட 5-க்கும் விசேஷ நாளின் 12-க்கும் இது போதும்.

16-க்குப் போதாது. மைஸ் இயல்பாகச் செய்வது இரண்டாவது வகை என்று நம்பிச் செய்வது.

செப்டம்பர் 16

சிறு எச்சரிக்கை. வானிலைத் தரவு இறக்குகிறவர்கள் கவனிக்க: பல கோப்புகளில் விடுபட்ட இடத்தில் -999 என்று எண்ணே போட்டிருப்பார்கள். பைத்தானும் ஆரும் அதை ஒழுங்கான எண் என்றே எடுத்துக்கொள்ளும். 30 நாளில் ஒரே ஒரு நாள் -999 இருந்து, மீதி 29 நாளும் 30 டிகிரி என்றால், மாதச் சராசரி -4.3 டிகிரி. ராமநாதபுரத்தில்! வெப்பநிலையில் இது உடனே கண்ணில் படும். பத்தாண்டு மழைக் கணக்கில் நான்கைந்து நாள் இப்படி இருந்தால் படாது. முதலில் ஒவ்வொரு பத்தியின் குறைந்த மதிப்பையும் கூடிய மதிப்பையும் பாருங்கள்.

செப்டம்பர் 21

இது தலைப்பிலிருந்து விலகுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நேற்று ஒரு வேலையாகத் தனுஷ்கோடி போயிருந்தேன். இடிந்த ரயில் நிலையச் சுவர் பக்கத்தில் நின்றபோது, இந்த இழையே மனதில் ஓடியது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்று சொல்வார்கள். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களும் இருந்தார்கள் என்பதால் உண்மை எண்ணிக்கை அதைவிடக் கூடுதல் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் விடுபட்டவர்கள் தற்செயலாக விடுபட்டவர்கள் இல்லை. கையில் காசு இல்லாதவர்கள் விடுபட்டிருக்கிறார்கள். 115 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு "குறைந்தது" என்ற சொல் எப்போதும் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதை விட்டுவிட்டு அச்சிடும்போது எனக்கு வயிறு எரிகிறது.

செப்டம்பர் 24

பாசி எடுக்கும் பெண்களிடம் வினாத்தாள் கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று. பாம்பன், மண்டபம் பக்கம் அவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் போலத்தான் கடலில் இறங்குகிறார்கள். "நேற்றைய வருமானம்" என்ற கேள்விக்குப் பேசாமல் இருந்தால் அது மறுப்பு இல்லை. நேற்று நீரோட்டம் சரியில்லை, போகவில்லை. டோக்கன் இல்லாத நாளின் கதைதான்.

"எந்த இடத்தில் எடுத்தீர்கள்" என்ற கேள்வி வேறு. ஒரு முறை கரையில் ஓர் அக்கா விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, யாரிடம் போடுகிறார், எல்லாம். இடம் கேட்டதும், "அதை எழுதாதீர்கள் தம்பி" என்றார். நம் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. தீவை ஒட்டி எடுத்தேன் என்று காகிதத்தில் இருந்தால் அவருக்குத் தொல்லை வரும். அந்தக் கட்டம் காலியானதன் காரணம் அந்தக் கட்டத்துக்குள் இருக்க வேண்டிய விடையேதான்.

கிலோவையும் நேரத்தையும் வைத்து அவர் எந்தத் தீவுக்குப் போயிருப்பார் என்று மென்பொருள் ஓரளவு ஊகித்துவிடும். நான் அதைச் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். அவர் தெரிந்தே மூடி வைத்ததை நான் குலுக்கித் திறக்கக் கூடாது. "சொல்ல விரும்பவில்லை" என்று தனிக் குறி போட்டு, அந்தக் குறி எத்தனை பேருக்கு விழுந்தது என்பதை மட்டும் அறிக்கையில் எழுதினேன்.

அக்டோபர் 2

மாணவியின் 16-க்குத் திரும்புவோம். முதல் மூன்று கடல் நாட்களை மட்டும் எடுக்கலாம். 36 வரி, 11 காலி. எழுதப்பட்ட 25-இன் சராசரி 180 கிலோ. பிந்தைய நாட்களின் சராசரி 120. இப்போது அந்த 11-இல் என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்து முதல் மூன்று நாளின் சராசரி:

சுழியம் போட்டால் 125.
பிந்தைய நாட்களின் 120-ஐப் போட்டால் 162.
காலியை விட்டுவிட்டால் 180.
எழுதப்பட்டதைவிடக் கால் பங்கு கூட என்று வைத்தால் 194.
அரைப் பங்கு கூட என்றால் 208.

ஒரே நோட்டு, ஒரே ஜெட்டி. தடைக்காலத்தால் பலன் இருக்கிறதா என்று கேட்டால் 125-ஐ வைத்து ஒருவர் "இல்லை" என்பார், 208-ஐ வைத்து இன்னொருவர் மேசையைத் தட்டுவார். ஆய்வேட்டில் ஐந்து வரியையும் போடுங்கள். எது எந்த நம்பிக்கையில் வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பக்கம் கூடுகிறது என்று வழிகாட்டி சொன்னால் வேறெதையாவது வெட்டுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, கால் வலிக்கிற வழி. ஹான்சென், ஹர்விட்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1946-இல் சொன்னது: பதில் அனுப்பாதவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, நேரில் போய் வாங்கு. 11 படகுக்கும் அன்றைக்கு மீன் எடுத்த வியாபாரி எடைச் சீட்டு கொடுத்திருப்பார். சம்மாட்டி வீட்டில் எங்காவது கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். 11-இல் நான்கைக் குலுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அக்டோபர் 3

"நான்கு எதற்கு, கிடைக்கிற வீடுகளில் கேட்டால் போதாதா?" என்று தேவிபட்டினத்து வாசகர். போதாது. சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நல்ல விலை போன நாளின் சீட்டாக இருக்கலாம். முதலில் குலுக்குங்கள், அப்புறம் அலையுங்கள்.

அக்டோபர் 9

மாணவி மூன்று மாலை அலைந்து நான்கையும் வாங்கிவிட்டார். 210, 260, 235, 275. சராசரி 245, எழுதப்பட்ட 180-ஐவிட மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். 11 காலிக்கும் 245 என்று எடுத்தால் அந்த மூன்று நாளின் சராசரி 200 கிலோ. நான்கே சீட்டு என்பதால் பிழை வரம்பு அகலம். அதையும் எழுதச் சொன்னேன்.

கடைசிச் சீட்டு ஒரு பாட்டியம்மாவின் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம். தடைக்காலம் முழுக்க வட்டிக்கு வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பாட்டை வைத்துத்தான் கடனை அடைத்தார்களாம். சீட்டின் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். மஞ்சள் தாள், ஓரத்தில் எண்ணெய்க் கறை, நடுவில் நீல மையில் 275. அதே படகுக்கு, அதே தேதிக்கு, நோட்டில் ஒரு சிறு கோடு.

புது நோட்டில் எடைப் பத்திக்குப் பக்கத்தில் "எழுதாத காரணம்" என்று ஒரு பத்தி போட்டுப் பதிவு செய்பவரிடம் கொடுத்திருக்கிறார். டோக்கன் இல்லை என்றால் 'டோ', ஆள் வரவில்லை என்றால் 'ஆ', ஏலம் முடியவில்லை என்றால் 'ஏ'. 'ஏ' போட்டால் பக்கத்தில் வியாபாரியின் பெயரையும் எழுத வேண்டும், மறுநாள் சீட்டைக் கேட்க. நேற்று முதல் பக்கம் வந்தது. மூன்று 'ஏ', மூன்றுக்கும் பெயர் இருக்கிறது.